பாலத்தில் எந்தக் கம்பி எவ்வளவு சுமக்கிறது? காகிதத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி?

2007 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. மாலை 6.05 மணி. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலத்தில் ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும் கூட்டம். எட்டு வழிகளில் நான்கு, தளத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக மூடப்பட்டிருந்தன. மீதி நான்கில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சில விநாடிகளில் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே ஆற்றுக்குள் இறங்கியது. 13 பேர் இறந்தார்கள். 145 பேர் காயமடைந்தார்கள். சுற்றுலா முடிந்து திரும்பிக்கொண்டிருந்த குழந்தைகள் நிறைந்த பேருந்து ஒன்று தடுப்பில் சாய்ந்து நின்றதால் தப்பியது.

அந்தப் பாலம் திறக்கப்பட்டது 1967-ல். நாற்பது ஆண்டுகள் நின்ற பாலம். துருவா? விரிசலா? ஒரு ஆண்டுக்கும் மேல் நடந்த விசாரணைக்குப் பிறகு, 2008 நவம்பரில் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன பதில் வேறு. கம்பிகள் சேரும் சில இடங்களில் இருந்த இரும்புத் தகடுகள் அரை அங்குல கனம்தான் இருந்தன. ஒரு அங்குலம் இருந்திருக்க வேண்டும்.

சரி, 'ஒரு அங்குலம் இருந்திருக்க வேண்டும்' என்று எப்படிச் சொல்கிறார்கள்? பாலத்தின் ஒவ்வொரு கம்பியும் எத்தனை டன்னைத் தாங்குகிறது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அந்தக் கணக்கின் அடிப்படைக்குப் பத்தாம் வகுப்புக் கணிதமே போதும்.

முதலில், ட்ரஸ் என்றால் என்ன?

உடுத்துகிற டிரஸ் அல்ல, இது ட்ரஸ். கல்யாண மண்டபத்தில் ஷீட் கூரைக்குக் கீழே முக்கோணம் முக்கோணமாக இரும்பு தெரியுமே, அதுதான். ரயில் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே 'தடக் தடக்' என்று சாய்வுக் கம்பிகள் ஓடுவதும் அதுவே. டவர் கிரேனின் நீண்ட கையும் அதே குடும்பம்தான்.

ஏன் எப்போதும் முக்கோணம்? நான்கு குச்சிகளை ஆணியடித்து ஒரு சதுரம் செய்து, மேல் மூலையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளில் செய்த முக்கோணம் சாயாது. குச்சி உடைந்தாலோ ஆணி பிடுங்கினாலோ தவிர அதன் வடிவம் மாறாது. எனவே பொறியாளர்கள் ஒரு முக்கோணத்தில் தொடங்கி, அதன்மேல் இரண்டு கம்பி, ஒரு இணைப்பு என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இப்படி வளர்வதுதான் 'சிம்பிள் ட்ரஸ்'.

கணக்குக்காக இரண்டு விஷயங்களை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஒன்று, கம்பிகள் சேரும் இடம் கீல் மாதிரி, அதாவது ஒற்றை ஆணியில் கோத்தது போல. இன்னொன்று, சுமை அந்த இணைப்புகளில் மட்டுமே விழும், கம்பியின் நடுவில் விழாது. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால் பெரிய நிம்மதி கிடைக்கிறது. எந்தக் கம்பிக்கும் இரண்டே நிலைதான். ஒன்று, இரு முனைகளையும் பிடித்து இழுக்கிறார்கள், அது இழுவிசை. இல்லையென்றால் இரு முனைகளிலிருந்தும் நெருக்குகிறார்கள், அது அழுத்தவிசை. வளைப்பது, முறுக்குவது எல்லாம் கிடையாது.

முதல் அனுமானத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மினியாபோலிஸ் கதை அதில்தான் இருக்கிறது.

பாலம் நகரவில்லை, அதுதான் துப்பு

நிற்கிற பாலம் மேலேயோ கீழேயோ போகவில்லை. இடது, வலது போகவில்லை. சுழலவும் இல்லை. அப்படியானால் அதன்மேல் செயல்படும் மேல்நோக்கிய விசைகளும் கீழ்நோக்கிய விசைகளும் சமம். இடப்பக்க விசைகளும் வலப்பக்க விசைகளும் சமம். ஒரு பக்கம் சுழற்றப் பார்ப்பதும் மறுபக்கம் சுழற்றப் பார்ப்பதும் சமம். நிலைச் சமநிலை என்று புத்தகங்கள் சொல்வது இந்த மூன்றையும்தான். பாலம் முழுதும் நகரவில்லை என்றால், அதன் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு இணைப்பும்கூட நகரவில்லைதானே? அதனால் எந்தத் துண்டைத் தனியே எடுத்துப் பார்த்தாலும் இதே விதி பொருந்தும்.

மூன்றாவது விதி மட்டும் கொஞ்சம் குழப்பும். 60 கிலோ மூட்டையை மூன்று மீட்டர் கழியில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்குகிறார்கள். மூட்டை முன்னால் போகிறவரிடமிருந்து ஒரு மீட்டரில் தொங்குகிறது. யாருக்குக் கனம் அதிகம்? முன்னால் இருப்பவருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு? பின்னால் இருப்பவரின் தோளை மையமாக வையுங்கள். மூட்டை 60 × 2 = 120 அளவுக்குக் கழியைக் கீழே திருப்புகிறது. முன்னவரின் தோள் மூன்று மீட்டர் தள்ளி நின்று அதே 120 அளவுக்கு மேலே திருப்ப வேண்டும். 120-ஐ 3-ஆல் வகுத்தால் 40 கிலோ. மீதி 20 கிலோ பின்னவருக்கு. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வரும் இதற்குப் பெயர் திருப்புத்திறன். பாலத்தை இரு கரையிலும் தாங்கும் தூண்கள் எவ்வளவு தாங்குகின்றன என்பதையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு முக்கோணக் கணக்கு

8 மீட்டர் அகலத்துக்கு ஒரு கூரை. இடது கால் அ, வலது கால் ஆ, உச்சி இ. உயரம் 3 மீட்டர். அ-விலிருந்து உச்சிக்குப் போகும் சாய்வுக் கம்பி பக்கவாட்டில் 4 மீட்டர் போய், 3 மீட்டர் ஏறுகிறது. அதன் நீளம் சரியாக 5 மீட்டர். உச்சியில் 6 டன் சுமை. கம்பிகளின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சுமை நடுவில் இருப்பதால் ஒவ்வொரு காலுக்கும் 3 டன். அதாவது சுவர் அ-வை 3 டன் விசையில் மேலே தள்ளுகிறது. இப்போது அ-வை மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கே மூன்று விசைகள்: சுவரின் உந்தல், சாய்வுக் கம்பி, கீழே படுத்திருக்கும் கம்பி. படுத்திருக்கும் கம்பியால் மேலும் கீழும் எதுவும் செய்ய முடியாது. அப்போ சுவரின் 3 டன்னைச் சாய்வுக் கம்பி ஒன்றுதான் கீழே தள்ளிச் சமன் செய்ய வேண்டும். அந்தக் கம்பி 5 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர்தான் ஏறுகிறது. அதன் விசையில் ஐந்தில் மூன்று பங்குதான் செங்குத்தாக வேலை செய்யும். எனவே மொத்த விசை 3 × 5 ÷ 3 = 5 டன். அது இணைப்பைத் தள்ளுகிறது, ஆகவே அழுத்தவிசை.

அதே சாய்வுக் கம்பி ஐந்தில் நான்கு பங்கு விசையால், அதாவது 4 டன்னால், அ-வை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அதைத் திருப்பி இழுத்துப் பிடிப்பது கீழ்க்கம்பி. அதில் 4 டன் இழுவிசை.

விடை சரியா என்று உச்சியில் பார்த்துவிடலாம். இரண்டு சாய்வுக் கம்பிகளும் தலா 5 டன்னில் தள்ளுகின்றன. செங்குத்துப் பங்கு தலா 3. கூட்டினால் 6. சுமையும் 6. முடிந்தது.

ஒவ்வொரு இணைப்பாக இப்படிப் போவதுதான் 'இணைப்பு முறை'. ஒரு இணைப்பில் இரண்டு சமன்பாடுகள்தான் கிடைக்கும். அதனால் தெரியாத விசை இரண்டுக்கு மேல் இல்லாத இணைப்பில் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மூலையில் இருக்கும்.

இந்தக் கணக்கிலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 'கூரை இவ்வளவு உயரம் எதுக்கு, இரும்பு மிச்சமாகட்டும்' என்று உயரத்தை 3 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைத்தால்? சுமை அதே 6 டன்தான். ஆனால் கீழ்க்கம்பியின் இழுவிசை 4-லிருந்து 12 டன்னாகிறது. சாய்வுக் கம்பியின் அழுத்தம் 5-லிருந்து 12.4 டன் அளவுக்குப் போகிறது. படுக்கப் படுக்க விசை எகிறும். உயரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைத்தவர் தடித்த இரும்புக்குச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

நடுவில் வெட்டிப் பார்க்கும் முறை

பாலம் இவ்வளவு சின்னதாக இருக்காது. 24 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு ட்ரஸ் எடுத்துக்கொள்வோம். 4 மீட்டருக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள். கீழ் வரிசையில் 7 இணைப்புகள், மேல் வரிசையில் 5. இரு முனைகளிலும் கீழிருந்து மேல் வரிசைக்கு ஏறும் சாய்வு கம்பி. இடையில் செங்குத்துக் கம்பிகள், மேலிருந்து நடுவை நோக்கி இறங்கும் சாய்வு கம்பிகள். மொத்தம் 21 கம்பிகள். கீழ் வரிசையில், முனைகளை விட்டு, ஐந்து இணைப்புகளில் தலா 6 டன். மொத்தம் 30 டன், ஒவ்வொரு தூணுக்கும் 15.

(21 கம்பி, தூண்களின் எதிர்விசை 3, ஆகத் தெரியாதவை 24. இணைப்புகள் 12, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சமன்பாடு, ஆக அதுவும் 24. அதனால்தான் சமநிலை விதிகளை மட்டும் வைத்தே இதை முழுசாகத் தீர்க்க முடிகிறது.)

நடுவில் இருக்கும் கம்பியின் விசை வேண்டும் என்றால், மூலையிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக வர வேண்டுமா? வேண்டாம். 1860-களில் ஜெர்மனியின் ஆகஸ்ட் ரிட்டர் பரப்பிய முறை இது: ட்ரஸ்ஸைக் கற்பனையில் குறுக்கே வெட்டி, ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இடமிருந்து மூன்றாவது கட்டத்தில் வெட்டுவோம். மேல்கம்பி, சாய்வு கம்பி, கீழ்க்கம்பி ஆகிய மூன்று வெட்டுப்படும். மேல்கம்பியும் சாய்வும் சேரும் இணைப்பு இடது தூணிலிருந்து 8 மீட்டரில் இருக்கிறது. அதை மையமாக வைத்துத் திருப்புத்திறன் எடுத்தால் அந்த இரண்டு கம்பிகளும் கணக்கிலேயே வராது, ஏனென்றால் இரண்டும் அந்தப் புள்ளி வழியாகவே போகின்றன. மிஞ்சுவது கீழ்க்கம்பி மட்டும். தூணின் 15 டன் × 8 மீட்டர் = 120. அதைக் குறைப்பது முதல் சுமை, 6 × 4 = 24. மீதி 96. உயரம் 3-ஆல் வகுத்தால் 32 டன் இழுவிசை. ஒரே வரியில் விடை!

இதே வெட்டில் மேல்கம்பிக்கு 36 டன் அழுத்தம், சாய்வுக்கு 5 டன் இழுவிசை வருகிறது. மற்ற கட்டங்களையும் போட்டுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். சாய்வு கம்பிகள் முனையில் 25, அடுத்தது 15, நடுவில் 5 என்று இறங்குகின்றன. மேலும் கீழும் படுத்திருக்கும் கம்பிகளோ நடுவை நோக்கி ஏறுகின்றன. அடுத்த முறை ரயில் பாலத்தில் போகும்போது கவனியுங்கள், எல்லாக் கம்பிகளும் ஒரே தடிமனில் இருக்காது.

இன்னொரு வேடிக்கை: இந்த ட்ரஸ்ஸின் நட்டநடுவில் நிற்கும் செங்குத்துக் கம்பியின் விசை பூஜ்யம். அதன் மேல்முனையில் இடவலமாகப் படுத்த இரண்டு கம்பிகள்தான் இருக்கின்றன, சுமை இல்லை. மேலும் கீழும் சமன் செய்ய எதிராளியே இல்லாதபோது அந்தக் கம்பியில் விசை இருக்க முடியாது. அப்படியென்றால் கழற்றிவிடலாமா? கூடாது. பிளாஸ்டிக் ஸ்கேலின் இரு முனைகளையும் நெருக்கினால் நடுவில் வில்லாக வளையும் இல்லையா, அழுத்தத்தில் இருக்கும் நீண்ட கம்பிக்கும் அதே ஆபத்து. 36 டன் அழுத்தத்தில் இருக்கும் மேல்கம்பியை நடுவில் பிடித்து நிறுத்துவது அந்தப் 'பூஜ்யம்'தான்.

கணக்கில் புள்ளி, நிஜத்தில் தகடு

இப்போது மினியாபோலிஸுக்குப் போகலாம். இணைப்பு என்பது ஒற்றை ஆணி என்று எடுத்துக்கொண்டோமே, நிஜப் பாலத்தில் அப்படி இல்லை. கம்பிகளின் முனைகளை இருபுறமும் இரண்டு பெரிய இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து, ரிவெட் அடித்து இணைப்பார்கள். ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் கசட் பிளேட் என்று சொல்வது இதைத்தான். கம்பிகளின் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வது இந்தத் தகட்டின் வழியாகத்தான்.

மேலே பார்த்த 24 மீட்டர் ட்ரஸ்ஸின் மேல் வரிசை முதல் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முனைச் சாய்வு 25 டன்னில் தள்ளுகிறது. அதன் கிடைப் பங்கு 20 டன், வலப்பக்கம். அடுத்த சாய்வு 15 டன்னில் இழுக்கிறது. அதன் கிடைப் பங்கு 12 டன், அதுவும் வலப்பக்கம். ஒன்று தள்ளுகிறது, மற்றொன்று இழுக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே திசை. மொத்தம் 32 டன். மேல்கம்பி 32 டன்னில் இடப்பக்கம் தள்ளிச் சமன் செய்கிறது. காகிதத்தில் கூட்டினால் பூஜ்யம், கணக்கு முடிந்தது. ஆனால் தகட்டின் கீழ்ப்பாதியை 32 டன் வலப்பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறது, மேல்பாதியை 32 டன் இடப்பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறது. தகடு நடுவில் கத்தரிக்கோலுக்குள் மாட்டிய காகிதம் மாதிரி நிற்கிறது. புள்ளிக்குக் கனம் கிடையாது. தகட்டுக்கு உண்டு, அதையும் தனியாகக் கணக்குப் போட்டாக வேண்டும்.

ஐ-35டபிள்யூ பாலத்தில் உடைந்த இணைப்பின் பெயர் 'யு10'. மேல் வரிசையின் பத்தாவது இணைப்பு. அங்கே ஐந்து கம்பிகள் சேர்கின்றன: இரண்டு மேல்கம்பிகள், ஒரு செங்குத்து, அழுத்தத்தில் ஒரு சாய்வு, இழுவிசையில் ஒரு சாய்வு. மேலே பார்த்த அதே வகை நெருக்கடி, பல மடங்கு பெரிதாக. நிஜப் பாலம் நம் உதாரணம் போல எளிதானதல்ல. இரண்டுக்கும் மேற்பட்ட தாங்குமிடங்கள் மீது தொடர்ச்சியாகப் படுத்திருந்ததால், தூண்களின் எதிர்விசையைக் கண்டுபிடிக்க மூன்று விதிகள் மட்டும் போதாது, எஃகு எவ்வளவு நெகிழும் என்பதும் வேண்டும். ஆனால் இணைப்பில் நின்று பார்க்கும்போது விதி அதேதான்.

விசாரணைக் குழு பழைய வடிவமைப்பு ஆவணங்களைத் தோண்டியது. கம்பிகளுக்கான கணக்குத் தாள்கள் இருந்தன. முக்கிய ட்ரஸ்ஸின் கசட் பிளேட்டுகளுக்கான கணக்கு கிடைக்கவில்லை. மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தபோது மொத்தம் 24 தகடுகள் தேவையைவிடப் பலவீனமானவை என்று தெரிந்தது. வரைபடத்தைச் சரிபார்த்த அரசுத் தரப்பிலும் யாரும் அதைப் பிடிக்கவில்லை.

அப்படியானால் நாற்பது ஆண்டுகள் எப்படி நின்றது? எந்தப் பாலமும் எதிர்பார்க்கும் சுமையைவிடக் கூடுதலாகத் தாங்கும்படிதான் கட்டப்படும். அந்தக் கையிருப்பைத்தான் இந்தத் தகடுகள் ஆரம்பத்திலிருந்தே தின்றுகொண்டிருந்தன. பிறகு 1977-ல் தளத்தின்மேல் கூடுதலாக இரண்டு அங்குல கான்கிரீட் போட்டார்கள். 1998-ல் கனமான தடுப்புச் சுவர்கள் வந்தன. இரண்டும் சேர்ந்து பாலத்தின் சொந்த எடையை ஏறத்தாழ 20 சதவீதம் உயர்த்தின. விபத்து நாளன்று தளவேலைக்காக மணல், ஜல்லி, இயந்திரங்கள் என்று சுமார் 260 டன் பாலத்தின் மேல் இருந்தது, அதுவும் யு10 பகுதியை ஒட்டி. பாலத்தைத் தாங்கியவை இரண்டே முக்கிய ட்ரஸ்கள். ஒரு இணைப்பு போனால் சுமையை வேறு வழியில் கடத்த ஆளில்லை.

மனதை உறுத்துவது ஒன்று உண்டு. 2003-ல் எடுக்கப்பட்ட புகைப்படங்களில் யு10 தகடுகள் லேசாக வளைந்திருப்பது தெரிகிறது. பாலத்தைப் பார்வையிட்டவர்கள் துருவையும், உலோகம் களைத்து வரும் விரிசல்களையும் தேடிக்கொண்டிருந்தார்கள். அவை இருந்தன, அவற்றுக்குக் காரணத்தோடுதான் கவலைப்பட்டார்கள். ஆனால் பாலம் விழுந்ததற்கு அவை காரணமல்ல என்று விசாரணை முடிவு செய்தது. தகடு கம்பியைவிட உறுதியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அந்தத் துறையில் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. ஒரு பாலம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அவ்வப்போது போடும் சுமைத் திறன் மதிப்பீட்டிலேயே கசட் பிளேட்டுகள் வழக்கமாகச் சேர்க்கப்படவில்லை. 1977-லும் 1998-லும் எடையைக் கூட்டியபோது அந்தக் கணக்கில் தகடு ஒரு வரியாக இருந்திருந்தால், அப்போதே சிக்கல் தெரிந்திருக்கும்.

விசாரணைக்குப் பிறகு அந்த வழக்கம் மாறியது. ட்ரஸ் பாலங்களின் மதிப்பீட்டில் கம்பிகளோடு தகடுகளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. மினியாபோலிஸில் அதே இடத்தில் புதுப் பாலம் 2008 செப்டம்பர் 18-ல் திறக்கப்பட்டது. அதில் ட்ரஸ்ஸும் இல்லை, கசட் பிளேட்டும் இல்லை. கான்கிரீட் பெட்டி வடிவ உத்தரங்கள்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க 300-க்கும் மேற்பட்ட சென்சார்களைப் பதித்திருக்கிறார்கள்.